எலிச்சேதம்

பரந்தன் நெற்களஞ்சியத்தில்
கணக்கெழுதுவது என் உத்தியோகம்.
தடித்த அட்டைப் புத்தகத்தில் ஐந்தாம் நிரல்:
எலிச்சேதம்.
காலபோகம் ஏறிய மாசியில் நாற்பது கிலோ,
சிறுபோகத்துக்குப் பிறகு அறுபத்திரண்டு.
சாக்கின் அடிமூலையில் பொத்தல்,
தரையில் உமி,
மிளகைவிடச் சின்னதாய்க் காய்ந்த புழுக்கை.
நிறுத்துப் பார்க்காமல் ஒன்றும் எழுதமாட்டேன்.

களஞ்சியத்துக்கு ஒரு பூனை உண்டு.
சம்பளப் பட்டியலில் இல்லை,
சில்லறைச் செலவில் இருக்கிறது:
பூனைக்கு, பைக்கற் ஒன்று, மீன் சுவை.
கிளிநொச்சியில் பற்றுச்சீட்டோடு வாங்குவது.
மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் கங்காணி.
பகல் முழுக்கத் தராசுத் தட்டில்தான் நித்திரை.
ஏழு கிலோ.
அதையும் எழுதியிருக்கிறேன், பென்சிலால்.

வீட்டில் எனக்கு இரண்டு எலி.

களஞ்சியத்தில் இது ஒருவருக்கும் தெரியாது.
அறிவியல் நகரில் படித்த நிரூஜன்
அறையைக் காலி செய்த அன்று
சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டுக் கொண்டுவந்தான்.
"அக்கா, ரெண்டு கிழமைக்கு வச்சிருங்கோ."
பதினான்கு மாதமாகிறது.
முழுவெள்ளைக்குச் சீனி என்று பெயர்.
தலை மட்டும் கறுத்ததுக்கு உளுந்து.
இரவில் நான் கூட்டிக் கழிக்கும்போது
சீனி சட்டைக் கைக்குள்ளால் ஏறித் தோளில் குந்தும்.
காதோரம் அதன் மூச்சு,
ஈ ஒன்று யோசிப்பது போல.

ஒருநாள் கைப்பையின் அடியில்
கங்காணியின் பிஸ்கற் ஒன்று கிடந்தது, மீன் வடிவத்தில்.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
உளுந்து இரண்டு கையாலும் வாங்கி
திருப்பித் திருப்பிப் பார்த்து
வாலிலிருந்து தொடங்கியது.
தின்று முடித்துக் கை கழுவுவதுபோல் முகம் துடைத்தது.
அன்றிரவு நான்தான் நித்திரை கொள்ளவில்லை.
மூன்று முறை எழும்பி
வயிறு அசைகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

விடிந்ததும் மிருக வைத்தியர் தவேந்திரனிடம் போனேன்.
"எலிக்கோ?" என்றார்.
"என்ன குடுத்தா எலி சாகும் எண்டுதான்
இஞ்ச எல்லாரும் கேக்கிறது."
ஆட்டோடு நின்ற மனிசி சிரித்தா.
ஆடு சிரிக்கவில்லை.
பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு
கன்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்:
அது நஞ்சில்லை. இடைக்கிடை ஒன்று, அதுவும் பாதி.
ஒவ்வொரு நாளும் வேண்டாம்.
பூனைக்கு அளந்த புரதமும் கொழுப்பும் எலிக்குக் கூட.
உடம்பு வைக்கும்.
வயதாக ஆகச் சிறுநீரகம் களைக்கும்.
சோறு, பயறு, கொஞ்சம் கீரைத்தண்டு,
அதுதான் சாப்பாடு. இது பலகாரம்.

தனக்கென்று செய்யாததைத் தின்று
தப்பிப் பிழைத்த சனந்தானே நாங்களும், டொக்டர்,
என்று வாய்வரை வந்தது.
வரிசை நீளமாயிருந்தது.
ஆடு வேறு கத்தியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.
பாக்குவெட்டியால் மீனை நடுவில் வெட்டுவேன்.
சீனி நின்ற இடத்திலேயே தின்னும்.
உளுந்து இப்போதெல்லாம் தின்பதில்லை,
வாயில் கவ்விக்கொண்டு ஓடும்.
கூட்டைக் கழுவியபோது
பழந்துணிக்குக் கீழே எண்ணினேன்:
ஏழு அரைமீன்,
ஒரு சட்டைப் பொத்தான்,
கிழிந்த பற்றுச்சீட்டில் என் கையெழுத்தின் வால்.
அதுவும் ஒரு களஞ்சியம் நடத்துகிறது.
அங்கே சேதம் இல்லை.

வருடமுடிவுக்கு வவுனியாவிலிருந்து கணக்காய்வாளர் வந்தார்.
நெல் சரி. சாக்கு சரி. நூல்கட்டை சரி.
"பூனைச் சாப்பாட்டில நிறை இடிக்குதே, பிள்ளை?"
தட்டில் கங்காணி புரண்டு படுத்தது,
முள் ஆடி நின்றது ஏழில்.
ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

என் பேனைக்குப் பொய் எழுத வராது.
ஐந்தாம் நிரலில், நெல்லுக்குக் கீழே,
புதிதாக ஒரு வரி:
பூனை உணவு, முப்பத்தொரு கிராம்.

அவர் நிரலின் தலைப்பை வாசித்தார்.
பூனையைப் பார்த்தார்.
ஒப்பமிட்டார்.